பிறை பார்த்த பிறந்தநாள்

ஜார்ஜ் டவுனுக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஊரின் பெயர் பிறை. பெருநாளைத் தீர்மானிக்கும் கீற்று நிலாவும் பிறைதான். பி. ரம்லியின் பிறந்தநாள் வழக்கு இந்த இரண்டாவது பிறையிடம் போகிறது.

நடிகர், பாடகர், இசையமைப்பாளர், திரைக்கதை எழுத்தாளர், இயக்குநர் என்று மலாய்த் திரையுலகையே தோளில் சுமந்த ரம்லி ஜார்ஜ் டவுனில் பிறந்தவர். 1950-ல் ‘பக்தி’ படத்தில் அவரைக் கதாநாயகனாக்கியவர் சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன். 1955-ல் ‘பெனாரேக் பெச்சா’வை ரம்லியே எழுதி இயக்கினார். இதிலெல்லாம் தகராறு இல்லை.

தகராறு வாழ்க்கைக் குறிப்பின் முதல் வரியில்தான். பதிவான பிறந்தநாள் 1929 மார்ச் 22. அவர் பிறந்தது நோன்புப் பெருநாள் காலையில் என்பதும் திரும்பத் திரும்ப எழுதப்பட்ட செய்தி. இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது. அந்த ஆண்டு ஷவ்வால் முதல் நாள் மார்ச் 13-ஐ ஒட்டி வந்தது. 22-ஆம் தேதி நிலா முழுமதியை நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று பெருநாள் கொண்டாட எந்த ஊர்ப் பிறையும் இடம் கொடுத்திருக்காது.

விக்கிப்பீடியாவில் ரம்லியின் பக்கத்தைத் திருத்த ‘தொகு’ பொத்தானை அழுத்துகிறவர் எதை நம்புவது? கேள்வி பழையது. அறிவு எந்த வழியாக வருகிறது என்பதைச் சொல்லாமல் நம் தத்துவ நூல்கள் வாயே திறப்பதில்லை. மணிமேகலையில் சமயவாதிகளின் பேச்சு அளவை, அதாவது அறியும் வழி, பற்றிய கணக்கோடுதான் தொடங்குகிறது. சைவ சித்தாந்தி அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் சுபக்கத்தில் அளவைகளைக் காண்டல் (நேரில் அறிதல்), கருதல் (ஊகித்தறிதல்), உரை (நம்பத்தகுந்த சொல்) என்று மூன்றில் அடக்குகிறார். பௌத்தத் தர்க்கவாதி திக்நாகரோ காண்டலும் கருதலும் போதும் என்று உரையைத் தனி அளவையாக ஏற்க மறுத்தார்.

விக்கிப்பீடியா திக்நாகருக்கு நேர் எதிர். நீங்கள் கண்டது செல்லாது. கருதியது ‘சொந்த ஆய்வு’. சில்லறைக் கூட்டல் கழித்தலுக்கு மட்டும் சலுகை உண்டு. உரை ஒன்றே பிரமாணம், அதுவும் பிறர் அச்சிட்ட உரை.

2012-ல் இந்த விதி அமெரிக்க நாவலாசிரியர் பிலிப் ராத் மீதே பாய்ந்தது. ‘தி ஹியூமன் ஸ்டெய்ன்’ நாவலின் நாயகன் அனடோல் ப்ரோயார்டை வைத்து உருவானவன் என்று விக்கிப்பீடியா சொன்னது. இல்லை, மெல்வின் டூமின் என்ற நண்பருக்கு நேர்ந்ததே தூண்டுதல் என்றார் ராத். வேறு சான்று வேண்டும் என்று பதில் வந்தது. அவர் ‘தி நியூ யார்க்கர்’ இதழின் தளத்தில் நீண்ட கடிதம் எழுதினார். அதையே சான்றாகக் காட்டி, பக்கத்தில் அவர் தரப்பும் ஏறியது. வாய் அதே வாய்தான், மேடைதான் வேறு. அருணந்தி இதைக் கேட்டுச் சிரித்திருப்பார்: தன் மனத்தில் நடந்ததை அறிவதும் காண்டல்தான், அதற்குச் சாட்சி கேட்பதாவது!

ஆனால் ரம்லிக்கு ராத்தின் வசதி கிடையாது. தன் பிறப்பைத் தானே கண்டவர் எவருமில்லை. ரம்லியும் தன் பிறந்தநாளைப் பிறர் சொல்லித்தான் அறிந்திருப்பார். அவரளவிலும் அது உரைதான். ஆகவே, தேதியை அடித்துத் திருத்துவதைவிட, இரு செய்திகளையும் அவற்றைச் சொன்னவர்கள் பெயரில் அருகருகே நிறுத்துவதே நேர்மை. கண்டவர் என்று சொல்லத் தகுந்தவர் அவருடைய தாய். அவரே வந்து இன்று ஒரு தேதியைத் தட்டச்சு செய்தாலும், பக்கத்தில் ‘சான்று தேவை’ என்று ஒரு குறிப்பு விழும்.