இரண்டு இடப்பக்கங்கள்

கமோமே ஷிராஹாமாவின் 'விட்ச் ஹாட் அட்டெலியர்' மாங்காவின் முதல் தொகுதியை மகளுக்காகத்தான் வாங்கினேன். அவள் ஒரே மூச்சில் முடித்துவிட்டு இரண்டாம் தொகுதி கேட்டாள். எனக்கு முதல் அத்தியாயத்தைத் தாண்டவே நான்கு நாள் ஆயிற்று.

கதை ஒரு தையல்காரியின் மகளைப் பற்றியது. பெயர் கோகோ. மந்திரம் என்றால் அவளுக்கு உயிர். ஆனால் மந்திரக்காரர்கள் பிறவியிலேயே அப்படிப் பிறப்பவர்கள், நமக்கு அது வாய்க்காது என்று ஊரே நம்புகிறது, அவளும் நம்புகிறாள். ஒருநாள் கடைக்கு வந்த கீஃப்ரி என்ற மந்திரக்காரர், யாரும் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வேலை செய்வதை அவள் ஒளிந்து பார்த்துவிடுகிறாள். அவர் எதையும் உச்சரிக்கவில்லை. பேனாவை மையில் தோய்த்து வரைகிறார். மந்திரம் என்பது வரைவதுதான். நடுவில் நெருப்பா நீரா என்று சொல்லும் ஒரு குறி, அதைச் சுற்றி அந்தச் சக்தி எப்படி வேலை செய்ய வேண்டும் என்று சொல்லும் சிறு கோடுகள், வெளியே ஒரு வட்டம். வட்டத்தின் இரு முனையும் தொடும்வரை அது வெறும் படம். தொட்டுவிட்டால் மந்திரம். முறை தெரிந்தால் யாருக்கும் கைகூடும். முன்னொரு காலத்தில் மனிதர்கள் அதைக் கொடுமைக்குப் பயன்படுத்தியதால் அந்த உண்மை மறைக்கப்பட்டிருக்கிறது.

அன்றிரவு கோகோ, சிறுவயதில் திருவிழாவில் முகமூடிக்காரர் ஒருவரிடம் வாங்கிய படப்புத்தகத்தை எடுக்கிறாள். அதிலுள்ள வட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வரைகிறாள். எது என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியாது. ஒரு வட்டம் மூடுகிறது. வீடு கல்லாகிறது. உள்ளே இருந்த அம்மாவும் கல்லாகிறாள்.

அந்தப் பக்கத்தில்தான் நின்றுவிட்டேன்.

என் அம்மாவும் தையல்காரி. வீட்டு முன்னறைதான் கடை. எனக்குப் பதினான்கு வயது இருக்கும். கல்யாண வீட்டிலிருந்து ஆரணிப் பட்டுப் புடவையின் பிளவுஸ் பிட் ஒன்று வந்திருந்தது. அம்மா அளவெல்லாம் எடுத்து, செய்தித்தாளில் வடிவம் வெட்டி வைத்துவிட்டு ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். வருவதற்குள் நானே வெட்டி வைத்து அசத்திவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. காகிதத்தைத் துணிமேல் வைத்து, சாக்கட்டியால் ஓரம் முழுக்கக் கோடு இழுத்து, முன்பக்கம் ஒன்று வெட்டினேன். அதே காகிதத்தை அப்படியே தூக்கிப் பக்கத்தில் வைத்து இன்னொன்று வெட்டினேன். கோடு ஒரு நூல்கூட விலகவில்லை. இரண்டையும் மேசையில் சேர்த்து வைத்தபோதுதான் தெரிந்தது, இரண்டும் இடப்பக்கம். காகிதத்தைத் திருப்பிப் போட்டிருக்க வேண்டும். ஒன்றைத் திருப்பி வைத்துப் பார்த்தேன். பட்டின் உள்பக்கம் மங்கலாக மேலே வந்தது.

அம்மா பார்த்தாள். திட்டவில்லை. "இங்க வா பாப்பா, எங்க தப்பாச்சுன்னு காட்டறேன்" என்றாள். நான் போகவில்லை. மறுநாள் காலை பாட்டி வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டேன். அந்த ஜாக்கெட் என்ன ஆயிற்று என்று கேட்கவும் இல்லை. அதன்பின் கத்தரியைத் தொட்டதே இல்லை. வெகுகாலம் அதை என் மனசாட்சி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பொருளைக் கெடுத்தோம், இனி அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நான் செலுத்தும் தண்டம் என்று.

கோகோவும் அப்படித்தான் நினைத்திருக்கலாம். அம்மாவையே கல்லாக்கிய கை அது. ரகசியம் அறிந்த வெளியாளின் நினைவை அழித்துவிட வேண்டும் என்பது அந்த உலகத்துச் சட்டம். அழித்திருந்தால் குற்ற உணர்வும் போயிருக்கும். கீஃப்ரி அதைச் செய்யாமல் அவளைச் சீடப்பிள்ளையாக ஏற்கிறார். அவருக்கும் சொந்தக் காரணம் உண்டு. அந்தப் புத்தகத்தைக் கொடுத்தவரை அவர் தேடுகிறார், துப்பு இவளிடம் மட்டுமே இருக்கிறது. ஆனால் கோகோவுக்கு ஒரே காரணம்தான். அம்மாவை மீட்க வேண்டுமானால் மந்திரம் கற்க வேண்டும். கற்க வேண்டுமானால் அதே பேனாவை அதே கையில் பிடிக்க வேண்டும்.

இதைப் படித்தபோது எனக்கு உறைத்தது. நான் விலகியதில் அந்தக் கல்யாணப் பெண்ணுக்கு என்ன நன்மை? அம்மாவுக்கு என்ன நன்மை? அவளுக்கு ஒரு கை குறைந்தது, அவ்வளவுதான். நான் வருத்தம் என்று பெயர் வைத்திருந்தது பயம். மறுபடி தப்பு செய்துவிடுவோமோ, மறுபடி அம்மா முகத்தைப் பார்க்க நேருமோ என்ற பயம்.

புதிய இடத்தில் கோகோவை எல்லோரும் வரவேற்கவில்லை. உடன் பயிலும் அகாட், குரு இல்லாத நேரத்தில் அவளைக் கடினமான ஒரு தேர்வுக்கு அனுப்பிவிடுகிறாள். அந்த உலகில் பறக்கும் காலணி ஒன்று உண்டு. மந்திர வட்டம் இரண்டு அரைகளாக ஒவ்வொரு காலணியிலும் பாதி வரையப்பட்டிருக்கும். இரண்டையும் சேர்த்தால் வட்டம் மூடி ஆளைத் தூக்கும். என் மகள் அந்தப் படத்தைக் காட்டி, "இது சூப்பர் ஐடியால்லம்மா?" என்றாள். நான் அந்த இரு அரைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று இடம், ஒன்று வலம். இரண்டும் ஒரே பக்கமாக இருந்தால் வட்டம் சேராது.

ஷிராஹாமா டோக்கியோ கலைப் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்பு படித்தவர். மார்வெல், டிசி நிறுவனங்களின் காமிக்ஸ் அட்டைகளுக்கும் வரைந்திருக்கிறார். 2016இல் கோடன்ஷாவின் மாத இதழ் ஒன்றில் தொடங்கிய இந்தத் தொடருக்கு 2020இல் ஐஸ்னர் விருதும் ஹார்வி விருதும் கிடைத்தன. விருதைவிட எனக்கு அவர் கோடுகள்தான் பெரிதாகப் படுகின்றன. துணி மடிப்பில் நிழலுக்காக இழுத்த மெல்லிய கோடுகளை எண்ணிப் பார்த்தேன், முடியவில்லை. எத்தனை தப்புக் கோடுகளுக்குப் பிறகு இந்தக் கை இப்படி வந்திருக்கும்!

முதல் தொகுதி முடியும்போதும் கோகோவின் அம்மா கல்தான்.

போன மாதம் ஊருக்குப் போனபோது அம்மாவிடம் கேட்டேன், அந்த ஆரணிப் பட்டு ஜாக்கெட் கடைசியில் என்ன ஆச்சும்மா என்று. அம்மாவுக்கு முதலில் நினைவு வரவில்லை. பிறகு, "அதுவா! மிச்சத் துணியில ஒட்டுப் போட்டு இன்னொரு முன்பக்கம் வெட்டினேன். ஒட்டு கக்கத்துக்குள்ள போயிடுச்சு. அந்தப் பொண்ணுக்கே தெரியாது" என்றாள்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு டீப்பாயின் மேல் கிடந்த செய்தித்தாளை எடுத்து இரண்டாக மடித்தாள். "அன்னிக்கே காட்டறேன்னு கூப்பிட்டேன். நீதான் வரல. இப்ப உக்காரு."