மூட்டுவலியும் மாற்று வைத்தியமும்

மனிதனை விரைவில் சாய்த்துவிடும் நோய்கள் பல உண்டு. ஆனால் உயிரை வாங்காமலே வாழ்நாள் முழுதும் உடன் வந்து, உட்காரவும் எழவும் நடக்கவும் அனுமதி கேட்டு நிற்கச் செய்யும் துன்பம் மூட்டுவலியைப் போல் வேறொன்று இல்லை. சம்மணமிட்டு உண்ண முடியாமல், கோயிற்படி ஏற முடியாமல், ஓடி வரும் பேரக் குழந்தையைக் குனிந்து தூக்க முடியாமல் போகிற நாளில், அதுவரை வைத்தியத்தைப் பற்றி எந்தக் கொள்கையும் இல்லாதிருந்தவரும் எதை நம்புவது என்ற கேள்வியின் முன்னே நின்றே தீரவேண்டியிருக்கிறது. முடக்கத்தான் கீரையைத் தோசை மாவோடு அரைத்துச் சாப்பிடச் சொல்கிறார் ஒருவர். வாதநாராயணன் இலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டச் சொல்கிறார் மற்றொருவர். தம் மைத்துனருக்குக் கேட்ட மருந்தென்று ஒரு பொட்டலத்தையே கொண்டுவந்து தருகிறார் இன்னொருவர். எல்லாம் அன்பினால் வருபவை. ஆகையால் அவற்றை அலட்சியம் செய்வது மனிதத்தன்மை ஆகாது. எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்வதோ விவேகம் ஆகாது. வலியால் வருந்துகிறவர் எவ்வளவு தூரம் நம்பலாம், எந்த இடத்தில் தம் நம்பிக்கையைத் தாமே நிறுத்தி விசாரிக்க வேண்டும் என்பதைப் பற்றி, என் முழங்கால்களின் தயவால் நான் சில காலமாகச் சிந்தித்து வருகிறேன்.

இரண்டு முழங்கால்களிலும் குருத்தெலும்பு தேய்ந்திருப்பதை எக்ஸ்ரே படம் காட்டியது. ஆங்கில மருத்துவர், எடையைக் குறைக்கவும் தொடைத் தசைகளை வலுப்படுத்தவும் சொல்லி, வலி மாத்திரையை நெடுநாள் உண்டால் இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு என்றும் எச்சரித்தார். அவர் சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆயினும், இரவில் திரும்பிப் படுக்கும்போதெல்லாம் விழித்துக்கொள்ளும் உடம்புக்கு வேறு நிவாரணமும் வேண்டியிருந்தமையால், அவரிடம் சொல்லிவிட்டே ஒரு சித்த மருத்துவமனைக்குச் சென்றேன். அங்கே இருந்த இளம் பெண் மருத்துவர், காலையில் எழுந்ததும் முழங்கால் எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருக்கிறது, விரற்கணுக்கள் வீங்குவதுண்டா, காய்ச்சல் வந்ததுண்டா என்றெல்லாம் விசாரித்து, படத்தையும் இரத்தப் பரிசோதனை முடிவையும் பார்த்த பிறகே தைலத்தை எழுதினார். “ஐயா, தைலமும் ஒத்தடமும் வலியைத் தணிக்கும், பிடிப்பைத் தளர்த்தும். தேய்ந்தது வளர்ந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். அங்கே சொல்லிக்கொடுத்த பயிற்சியை விட்டுவிடாதீர்கள்” என்றார். அவர் எழுதிக்கொடுத்த மருந்தைவிட அவர் சொல்ல மறுத்த பொய்யே அவரிடம் எனக்கு நம்பிக்கையை உண்டாக்கியது.

ஒத்தடம் கொடுக்கும் முறையைச் சற்று அருகிருந்து பார்ப்பது நல்லது. நொச்சி இலையையும் ஆமணக்கிலையையும் நறுக்கி, இரும்புச் சட்டியில் எண்ணெய் விட்டு வதக்கிப் பருத்தித் துணியில் முடிச்சாகக் கட்டுகிறார்கள். உதவியாளர் அதன் சூட்டைத் தம் புறங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, தைலம் தடவிய முழங்காலைச் சுற்றி, முட்டிச்சில்லை அழுத்தாமல், பக்கங்களிலும் பின்புறத்து நரம்புகளிலும் மெல்ல ஒற்றி எடுக்கிறார். முடிச்சு ஆறினால் மறுபடியும் சட்டியில் வைத்துச் சூடேற்றுகிறார். இலையின் காரமான வாசனை அறை முழுவதும் நிறைந்திருக்கிறது. இவ்வளவுக்கும் அவருக்கு அவசரம் என்பதே கிடையாது. இன்னொருவருடைய வலிக்காகத் தம் நேரத்தை முழுமையாக ஒதுக்கிவைத்த ஒருவருடைய கைகள் அவை. சில வாரங்களில் எனக்கு இரவுத் தூக்கம் வந்தது; காலைப் பிடிப்பு தளர்ந்தது; மாடிப்படி ஏறும்போது வரும் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. நான் பெற்ற பயன் இவ்வளவே; இதற்கு மேல் ஒரு சொல் கூட்டினாலும் அது சத்தியத்துக்கு விரோதமாகும்.

இந்தப் பயனைத் தந்தது மூலிகையா, வெப்பமா, கையின் பரிவா, அல்லது குணமாகும் என்ற எதிர்பார்ப்பா? மூட்டு வளர்வதற்கென்று உலகமெங்கும் விற்கப்படும் குளுக்கோசமின், காண்ட்ராய்டின் என்னும் இரண்டையும் முழங்கால் தேய்மானம் உடைய 1,583 பேரிடம் சோதித்துப் பார்த்த அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று 2006ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதில், மருந்தே கலவாத வெறும் மாத்திரையை உண்ட பிரிவினரிலும் 100க்கு 60 பேருக்கு வலி ஐந்தில் ஒரு பங்கேனும் குறைந்திருந்தது. அந்த அளவை மொத்தத்தில் குறிப்பிடத்தக்கவாறு மிஞ்ச அந்த இரண்டு சரக்குகளாலும் இயலவில்லை. மூட்டுவலி தானே ஏறித் தானே இறங்கும் இயல்புடையது. அது உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் புதிய வைத்தியரைத் தேடுகிறோம். பிறகு அது இறங்கும்போது கடைசியாக உண்ட மருந்துக்கே புகழ் போய்ச் சேருகிறது. ஆகவே, ‘எனக்குக் கேட்டது’ என்று ஒருவர் சொல்வது அவருடைய அனுபவத்துக்குச் சாட்சியமாகுமே அன்றி, மருந்தின் குணத்துக்கு நிரூபணம் ஆகிவிடாது. அதற்காக அவர் அடைந்த ஆறுதலைப் பொய் என்று தள்ளுவதும் நியாயமன்று. உண்மையான சுகத்தை உண்மையென்று ஒப்புக்கொண்டு, அதன் காரணத்தைப் பற்றி மட்டும் அடக்கத்தோடு பேசுவதே நேர்மை.

இந்த நேர்மை எங்கே இல்லையோ அங்கேதான் அபாயம் தொடங்குகிறது. என் உறவினர் ஒருவருக்கு இரு கைகளின் விரற்கணுக்களும் மணிக்கட்டுகளும் வீங்கிக் காலைதோறும் நெடுநேரம் மடங்காமல் நின்றன, அது முடக்குவாதம். உடலின் காவற்சக்தியே மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிற அந்த நோய்க்கு வாரம் ஒரு முறை உண்ணும் மெதோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகளைக் காலத்தில் தொடங்கினால் எலும்பு அரிக்கப்படுவதைப் பெரிதும் தடுக்கலாம். அவரோ அந்த மருந்தை நிறுத்திவிட்டு, பெயரும் முகவரியும் இல்லாத பொட்டலத்தில் வந்த பொடியை உண்டார். மூன்றாம் நாளே வலி பறந்தது. சில மாதங்களில் முகம் உப்பி, சர்க்கரை ஏறி, அவர் மருத்துவமனையில் சேர்ந்தபோது, பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் கருதினார்கள். 1948இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச் என்பவர் கார்ட்டிசோன் என்னும் ஸ்டீராய்டை ஊசி வழியாகச் செலுத்தியபோது, படுக்கையில் கிடந்த முடக்குவாத நோயாளி சில நாட்களில் எழுந்து நடந்தார். 1950இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அந்த ஔஷதத்தை அதிகமாகவும் நெடுநாளும் உண்டால் எலும்பு நலிந்து, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும் என்பதையும் உலகம் விரைவிலேயே அறிந்துகொண்டது. மிக வேகமான நிவாரணமே எச்சரிக்கைக்கு உரியது என்பதை அந்த வரலாறு கற்பிக்கிறது.

செடியில் விளைந்தது தீங்கு செய்யாது என்ற எண்ணத்தையும் நாம் விட்டுவிட வேண்டும். தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தளின் விதையை மூலனூர், தாராபுரம் பக்கத்து உழவர்கள் விளைவித்து, கால்சிசின் என்னும் மருந்து எடுப்பதற்காக வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்கள். கால் பெருவிரல் மூட்டில் நள்ளிரவில் நெருப்பாய்ப் பற்றும் கவுட் வாதத்தை அந்த மருந்து மிகச் சிறிய அளவில் தணிக்கிறது. அதே செடியின் கிழங்கை அளவறியாமல் தின்றவர்கள் உயிர் இழந்திருக்கிறார்கள். மூலிகைக்கும் மருந்துக்கடை மாத்திரைக்கும் இடையே நாம் கற்பித்துக்கொண்டிருக்கும் மதில் இயற்கையில் இல்லை. அளவும் அறிவுமே இரண்டையும் ஆளுகின்றன.

நம் முன்னோரும் இதனை அறியாதவர் அல்லர். யூகி முனிவர் பெயரால் வழங்கும் வைத்திய சிந்தாமணி வாத நோயை 80 வகையாகப் பிரித்துக் குறிகுணம் கூறுகிறது. நோயின் வகையை முதலில் நாடி, பிறகே மருந்தை நாடுவதுதான் சித்தர் மரபு. ‘எல்லா மூட்டுவலிக்கும் ஒரே தைலம்’ என்று விளம்பரம் செய்பவர் ஆங்கில வைத்தியத்துக்கு மாறாக நடக்கிறார் என்பதைக் காட்டிலும், தாம் போற்றுவதாகச் சொல்லும் மரபுக்கே துரோகம் செய்கிறார் என்பதே பொருந்தும்.

ஆகையால், வலியோடு வாழும் அன்பர்களை நான் வேண்டிக்கொள்வது இது: மாற்று வைத்தியத்தைத் தேடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் தேய்மானமா, முடக்குவாதமா, கவுட்டா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே சமயத்தில் பல மருந்துகளைத் தொடங்காமல் ஒவ்வொன்றாகச் செய்து, பலனைக் குறித்து வையுங்கள். என்ன சரக்கு சேர்ந்தது என்று சொல்ல மறுக்கும் பொடியை வாயில் இடாதீர்கள். ஏற்கெனவே உண்டுவரும் மருந்தை மருத்துவரைக் கேளாமல் நிறுத்தாதீர்கள். இரு வைத்தியரிடமும் இரு சிகிச்சையையும் மறைக்காமல் சொல்லுங்கள். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் பாரம் நான்கு கிலோ குறைகிறது என்று 2005இல் வெளியான ஓர் ஆய்வு கண்டிருக்கிறது. எந்தத் தைலத்தைத் தடவினாலும் இந்தப் பிரயோஜனத்தை நமக்கு நாமேதான் சம்பாதித்துக்கொள்ள வேண்டும்.