பக்கத்தில் இருப்பவர் அடித்த தூரம்



நம் கோத்தா திங்கி மாவட்டத்தில், தெசாரு கடற்கரைப் பக்கம் கோல்ஃப் திடல்கள் இருக்கின்றன. "அதெல்லாம் பணக்காரங்க ஆட்டம்"னு சொல்லிக்கிட்டே நாம கடலுக்குக் குளிக்கப் போயிடுவோம். நானும் அப்படித்தான். ஆனால் கீதையில் எனக்கு ரொம்ப நாளாகப் புரியாத ஓர் இடத்தைப் புரிய வைத்தவர் ஒரு கோல்ஃப் ஆட்டக்காரர்: பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக்.

1998இல் பிறந்தவர். பெற்றோர் கோல்ஃப் ஆடி வந்தவர்கள் இல்லை. இவர் 5 வயதில் மட்டையைப் பிடித்தார். அமெச்சூராக இருந்தபோதே, 2014இல் இளையோர் ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு இரண்டிலும் ஆடிவிட்டார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் வயது 18. மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தவர் அப்பா.

நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த ஒலிம்பிக். தோக்கியோ, ஆகஸ்ட் 2021. உலகத் தரவரிசையில் அதிதி 200ஆம் இடம். சில மாதம் முன்பு கோவிட் வந்து உடம்பில் பலம் குறைந்திருந்தது. ஓங்கி அடித்துப் பந்தை வெகுதூரம் அனுப்புவது அவருக்கு முன்பும் பெரிய பலம் இல்லை. கடைசி நாள் அதே குழுவில் ஆடியவர் உலகின் முதல்நிலை ஆட்டக்காரர் நெல்லி கோர்டா. ஒவ்வொரு குழியிலும் அவர் பந்து முன்னால் போய்க் கிடக்கும். நாமாக இருந்தால் என்ன செய்வோம்? ரோஷத்தில் நாமும் ஓங்கி அடிப்போம், பந்து மரத்துக்குள்ளே போயிடும். அதிதி அந்தப் போட்டிக்கே போகவில்லை. குழிக்கு அருகே பந்தை அளந்து தட்டி உருட்டுவதுதான் அவருக்குக் கைவந்த வேலை. நான்கு நாளும் அதை நம்பியே ஆடினார். இம்முறை பை தூக்கியவர் அம்மா. ஒரே ஓர் அடியில் வெண்கலம் தவறி, நான்காம் இடம்.

பிறர் தர்மத்தை அழகாகச் செய்வதைவிட, குறையோடு செய்தாலும் தன் தர்மமே மேல் என்று கண்ணன் இரண்டு இடத்தில் சொல்கிறார்: 3ஆம் அத்தியாயத்தில் ஒருமுறை, 18இல் மறுபடியும். இதைக் காட்டி, "அவனவன் பிறந்த இடத்திலேயே இரு" என்று பேசுபவர்களைக் கேட்டிருக்கிறேன். என் தாத்தா பால்மரம் வெட்டியவர். அந்த விளக்கப்படி நான் இன்று பல்கலைக்கழகத்தில் இருக்கவே கூடாது. எனக்கு அது ஒப்பவில்லை. அதிதி வீட்டிலும்தான் யாரும் கோல்ஃப் ஆடவில்லையே! வில்லாளியான அர்ஜுனன் பிச்சையெடுத்துப் பிழைக்கலாம் என்று சொன்னபோது கண்ணன் தடுத்தது, அவன் தனக்குள் இருப்பதை விட்டு ஓடப் பார்த்ததால்தான் என்று நான் படிக்கிறேன். பெரியவர்கள் திருத்தினால் கேட்டுக்கொள்கிறேன்.

இதை ஏன் இவ்வளவு யோசித்தேன் என்றால், போன செமஸ்டர் நான் சிவில் படிப்பை விட்டு மென்பொருளுக்கு மாற விண்ணப்பப் பாரம் வாங்கிவிட்டேன். அறைத்தோழன் அதில்தான் ஜொலிக்கிறான். எனக்கோ நிரல் எழுத உட்கார்ந்தாலே தலைவலி. நான் சிவில் எடுத்ததற்குக் காரணம் வேறு. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் நம் ஊரை மூழ்கடித்த வெள்ளத்தைப் பற்றி அம்மா சொல்லிச் சொல்லித்தான் நான் வளர்ந்தேன். தண்ணீர் எந்த வழியாக வந்தது, ஏன் வடியவில்லை என்று சின்ன வயசிலேயே கேட்டு நச்சரிப்பேனாம்.

பாரத்தில் பெயர் மட்டும் எழுதியிருந்தேன். அதன் பின்பக்கத்தில் இப்போது ஜொகூர் ஆற்றின் வடிகால் கணக்கு ஒன்று பாதியில் நிற்கிறது.