நண்பர் விட்டுச் சென்ற அமானத்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! அவனுடைய திருத்தூதர் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!



சென்ற ஆண்டு நம் நண்பர் ஒருவர் வபாத்தானார். தேவதானப்பட்டியில் சிறு கடை வைத்துப் பிழைத்தவர். பறவைகள் என்றால் அவருக்கு உயிர். அந்தப் பிரியம் நம்மையும் தொற்றிக்கொண்டது. சுபுஹு தொழுதுவிட்டு இருவரும் மஞ்சளாறு அணைப் பக்கம் நடப்போம். நீர்க்காகம் இறக்கை விரித்துக் காயும். முக்குளிப்பான் ஓரிடத்தில் மூழ்கி வேறிடத்தில் எழும். குளிர் காலத்தில் தகைவிலான்கள் வெகு தூரம் கடந்து வந்து சேரும். விரித்தும் மடக்கியும் பறக்கும் பறவைகளை அந்தரத்தில் தாங்குபவன் ரஹ்மானே என்று 'முல்க்' சூராவில் ஓதியிருந்தோம். அதைக் கண்ணால் பார்க்கக் கற்றுத் தந்தவர் அவர்தாம்.

அல்லாஹ்வின் மீது முறையாகத் தவக்குல் வைப்போருக்கு, காலையில் பசியோடு சென்று மாலையில் வயிறு நிறைந்து திரும்பும் பறவைகளைப் போல் ரிஸ்க் கிடைக்கும் என்ற கருத்தில் நபிமொழி வந்துள்ளது. அதைச் சொன்னபோது நண்பர், "ஹஜ்ரத்! பறவை கூட்டிலேயே உட்கார்ந்து இருக்கவில்லையே, புறப்பட்டல்லவா போகிறது!" என்றார். கிதாபில் நாம் கடந்துபோன நுட்பம் அது!

அவருடைய பைனாகுலர் ஒன்று நம்மிடம் இரவலாக இருந்தது. அவர் மறைந்த பின்பு அதைக் கையில் எடுத்தாலே கண் கலங்கும். 'நினைவாக இருக்கட்டுமே' என்று மனம் சொல்லிற்று. மாதங்கள் ஓடின. அவர் வீட்டாரும், "நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், ஹஜ்ரத்" என்று சொல்லி அனுப்பினார்கள். நாமும் மகிழ்ந்தோம்.

ஒருநாள் மதரஸாவில் வாரிசுரிமைப் பாடம் நடத்தினோம். இரவல் கொடுத்தவர் மௌத்தானால் இரவல் முடிந்துவிடுகிறது. பொருள் வாரிசுகளுக்கு உரியது. அவர்களில் பருவமடையாத பிள்ளை இருந்தால், அதன் பங்கைத் தாயும் அன்பளிப்பாகக் கொடுக்க முடியாது. இதைச் சொல்லிக்கொண்டிருந்த நம் நா தடுமாறிற்று. நண்பருக்குப் பத்து வயது மகன் உண்டே! எத்தீம்களின் பொருளை அநியாயமாக உண்போர் வயிற்றில் நெருப்பையே நிரப்புகின்றனர் என்று 'நிஸா' சூரா எச்சரிக்கிறதே! நாம் நினைவுச் சின்னம் என்று வைத்திருந்தது எத்தீமின் சொத்தல்லவா?

அன்றே கொண்டுபோய்ப் பையனிடம் கொடுத்தோம். தாமதத்துக்கு அவன் தாயாரிடம் மன்னிப்புக் கேட்டோம். பையன் வாங்கிக்கொண்டு, "அத்தா இதில் மீன்கொத்தி காட்டுவாங்க" என்றான். அவ்வளவுதான். நமக்குப் பேச்சு எழவில்லை.

சகோதரர்களே! நாட்டின் பெரும் பறவை நிபுணர் சாலிம் அலி அவர்கள் (1896–1987) ஓர் எத்தீம்தாம். மூன்று வயதுக்குள் பெற்றோர் இருவரையும் இழந்தவரை மாமன் அமீருத்தீன் தையப்ஜி வளர்த்தார். சிறுவன் சுட்டு வீழ்த்திய சிட்டுக்குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. 'இது என்ன குருவி?' என்று கேட்டபோது மாமன் விரட்டவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். செயலாளர் மில்லார்டு குருவியை இனம் சொன்னதோடு, கழகத்தின் பறவைத் தொகுப்பையும் காட்டினார். 1933ல் நம் மேற்கு மலைக்கு அப்பால் திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகளைக் கணக்கெடுத்தவர் அந்தச் சிறுவர்தாம். தகப்பனற்ற பிள்ளைக்கு ஒரு பெரியவர் ஒதுக்கும் சிறிது நேரம் எங்கே கொண்டு சேர்க்கிறது, பாருங்கள்!

அபூ உமைர் என்ற சிறுவரின் குருவி இறந்தபோது, அத்தனை பொறுப்புகளுக்கிடையிலும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அக்குருவியைப் பற்றி அவரிடம் பரிவோடு விசாரித்தார்கள். எத்தீமைப் பொறுப்பேற்றவர் சுவனத்தில் தம்மோடு இரு விரல்களைப் போல் நெருங்கியிருப்பார் என்றும் நன்மாராயம் கூறினார்கள்.

ஆகவே, மறைந்த நண்பர்களுக்காகக் கண்ணீர் வடிப்பதோடு நிற்காதீர்கள். அவர்களுடைய கடன், இரவல், அமானத் உங்களிடம் இருக்கிறதா என்று இன்றே வீட்டில் தேடுங்கள். உரியவரிடம் சேர்த்துவிட்டு, பிறகு துஆச் செய்யுங்கள். அவர்களின் பிள்ளைகளைக் கைபிடித்து நடத்துங்கள்.

இப்போது விடுமுறை நாட்களில் அந்தப் பையனும் நம்மோடு அணைக்கு வருகிறான். பைனாகுலர் அவன் கழுத்தில் தொங்குகிறது. பார்க்க வேண்டுமானால் அவனிடம் நாம் கேட்டு வாங்குகிறோம்.

யா அல்லாஹ்! நம் நண்பரின் பிழைகளைப் பொறுத்து, அவருடைய கப்ரை ஒளிமயமாக்குவாயாக! பிறர் ஹக்கை நம்மிடம் வைத்துக்கொண்டு மௌத்தாகும் நிலையை விட்டும் நம் அனைவரையும் காப்பாயாக! ஆமீன்.