ரகசியக் கதவு

2013-இல் கொல்கத்தா மேஜிக் கலைஞர் சஞ்சல் லாகிரி, பூட்டிய கூண்டோடு ஹூக்ளி ஆற்றில் இறங்கி வெளியே வந்தார். கூண்டில் கதவு இருப்பதைக் கூட்டம் பார்த்துவிட்டது. ஏமாத்துறான் என்று அவர்மேல் பாய்ந்தது. 2019 ஜூன் 16 அன்று சங்கிலியும் பூட்டுமாக அதே ஆற்றில் இறங்கினார். மறுநாள் உடல்தான் கிடைத்தது.

மேடைக்குச் சங்கிலிப் பெட்டி செய்பவர் முதலில் யோசிக்க வேண்டியது வெளியே வரும் வழியைத்தான். அது மோசடியா?

முத்துக்குளிப்பை நினைத்துப் பார்க்கிறேன். எங்கள் மணப்பாட்டுக் கரையோரத்தில் அந்தக் காலத்தில் கல்லோடு கடலில் இறங்கியவருக்கு மேலே ஒருவர் கயிறு பிடித்திருப்பார். மச்சான்தான் பிடிக்கணும் என்பார்கள். தங்கச்சி தாலி அவர் கையில். கயிறு இருந்ததால் எந்த முத்தும் போலியாகிவிடவில்லை.

ரகசியக் கதவும் அப்படியொரு கயிறுதான். அது கூடாது என்கிற ரசிகர், தன் கைதட்டலுக்கு ஓர் உயிரைப் பணயம் கேட்கிறார். தெரிந்தே ஏமாறுவதும் ஓர் அறம்தான்.