கத்தியும் கையும்

ஒரு பொருள் நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறது என்று சொல்லும்போது நாம் யாரைப் புகழ்கின்றோம்? பொருளையா, அதைச் செய்தவரையா, அன்றி அதனைக் கையில் எடுத்துத் தொழில் புரிபவரையா? இது வெறும் சொல்லாராய்ச்சி போலத் தோன்றலாம். ஆனால் பொருளைப் புகழ்ந்து கொண்டே அதைச் செய்த மனிதரை இகழ முடியும் என்பதை வரலாறு பலமுறை காட்டியிருக்கிறது. நமது யாழ்ப்பாணமும் காட்டியிருக்கிறது. ஆகவே இதனை ஓர் ஒழுக்கப் பிரச்சினையாகவே கொண்டு ஆராய வேண்டும்.

இந்த ஆராய்ச்சிக்குப் பாளைக்கத்தியைக் காட்டிலும் பொருத்தமான பொருள் குடாநாட்டில் வேறில்லை. பனம்பாளையைச் சீவுவது ஒன்றே அதன் வேலை. சீவல் தொழிலாளி காலையும் மாலையும் மரமேறுகின்றார். இடுப்பிலே தொங்கும் கூட்டிலிருந்து கத்தியை எடுத்துப் பாளையின் நுனியில் ஏடு போன்ற ஒரு மெல்லிய சீவலை எடுக்கின்றார். அலகு மழுங்கியிருந்தால் பாளையின் நார் வெட்டுப்படாது நசுங்கும். நசுங்கிய வாயில் சாறு தடைப்படும். சீவல் தடித்துவிட்டால் சில வாரங்களுக்குச் சுரக்க வேண்டிய பாளை சில நாட்களில் தீர்ந்துவிடும். முட்டியில் சுண்ணாம்பு தடவினால் கருப்பநீர், தடவாவிட்டால் கள்; எதுவாயினும் அந்த மெல்லிய சீவலின் நேர்த்தியே அளவை நிர்ணயிக்கின்றது. ஒரு கையால் மரத்தின் உச்சியில் உடலை நிலைநிறுத்தி, மறு கையால் இதைச் செய்ய வேண்டும். கத்தி பாரமானால் கை சோரும். இலேசானால் வெட்டு நழுவும். எனவே பாளைக்கத்தியின் நிறை, வளைவு, பிடியின் பருமன் ஆகிய யாவும் பல தலைமுறைகளின் கைகள் கண்டறிந்து சொன்ன அளவுகளாகும்.

அதனைச் செய்யும் கொல்லரின் அறிவும் இதற்குக் குறைந்ததன்று. இன்று நம் ஊர்ப் பட்டடைகளில் நல்ல கத்திக்குரிய இரும்பு பெரும்பாலும் பழைய லொறிகளின் வில்லுத்தகடுகளிலிருந்தே வருகின்றது. வளைந்து நிமிரும் குணமுடைய அந்த உருக்கைச் சிரட்டைக்கரி உலையில் காய்ச்சி, அடித்து, அலகைத் தட்டி எடுத்தபின், சிவந்த நிலையில் தோய்க்கின்றார்கள். சூடு மிஞ்சினால் உருக்கின் மணி பருத்து அலகு உடையும். குறைந்தால் கூர் நில்லாது. தோய்த்த அலகு கண்ணாடி போலக் கடினமாகவும் எளிதில் நொறுங்குவதாகவும் இருக்கும். ஆகையால் மீண்டும் மெல்லச் சூடேற்றிப் பதப்படுத்த வேண்டும். தேய்த்து மினுக்கிய இரும்பின்மேல் அப்போது நிறங்கள் ஓடும்: ஏறத்தாழ 230 பாகை செல்சியசில் வைக்கோல் மஞ்சள், பின்னர் கபிலம், ஊதா, 300 பாகையளவில் நீலம். எந்தத் தொழிலுக்கான கத்தி எந்த நிறத்தில் நிறுத்தப்பட வேண்டும் என்பதைக் கொல்லரின் கண் அறியும். வெப்பமானி இல்லாத பட்டடையில் அந்தக் கண்ணே விஞ்ஞானக் கருவி.

இவ்வாறு ஒரு தொழிலுக்கென்றே அமைந்த கத்தியின் சிறப்பைத் தத்துவ உலகமும் கவனித்திருக்கின்றது. பிளேட்டோ தமது ‘குடியரசு’ நூலின் முதற் பகுதியிலேயே கொடிமுந்திரிக் கிளையைக் கழிக்கும் கத்தியை எடுத்துக்காட்டுகின்றார். வேறு பல கத்திகளாலும் கிளையை வெட்டலாம். ஆயின் அதற்கெனச் செய்த கத்தியே அதைச் செவ்வனே வெட்டும். அந்தச் செயலே அதன் தொழில். அதைச் செவ்வனே செய்யும் தன்மையே அதன் மேன்மை. பாளைக்கத்தியைக் கையிலெடுத்தவர் எவரும் இதை மறுக்க மாட்டார்.

பிளேட்டோவின் மாணவராகிய அரிஸ்டாட்டில் இதே எண்ணத்தை எங்கே கொண்டு சென்றார் என்பதுதான் நம்மைத் திடுக்கிட வைக்கின்றது. ‘அரசியல்’ என்னும் நூலின் தொடக்கத்தில் அவர் டெல்பிக் கத்தியைப் பற்றிக் குறிப்பிடுகின்றார். அது பல வேலைகளுக்கும் உதவுமாறு சிக்கனமாகச் செய்யப்பட்ட கத்தி. இயற்கை அவ்வாறு கஞ்சத்தனமாக எதையும் படைப்பதில்லை, ஒன்றை ஒரு தொழிலுக்கென்றே படைக்கின்றது என்பது அவர் வாதம். இதிலிருந்து அவர் பெறும் முடிவு யாது? பெண் ஒன்றிற்கும் அடிமை மற்றொன்றிற்கும் இயற்கையால் வகுக்கப்பட்டவர்கள் என்பதே. சில பக்கங்கள் கழித்து அடிமையை உயிருள்ள கருவி என்றும் அவர் வருணிக்கின்றார். கத்தியைப் பற்றிய ஒரு நல்ல கருத்து, மனிதர்மேல் வைக்கப்பட்டதும் விலங்காக மாறிவிட்டது.

பிழை எங்கே இருக்கின்றது? கத்தியின் தொழிலைக் கத்தி தேர்ந்தெடுப்பதில்லை. செய்பவர் அதன் உடலில் வைக்கின்றார். அதனால்தான் ஒரு தொழிலுக்கென அமைவது கத்திக்குச் சிறப்பாகின்றது. மனிதரோ தமது நோக்கத்தைத் தாமே தேர்ந்து கொள்ளும் ஆற்றலுடையவர். ஒரே கை இன்று பாளை சீவும், நாளை புத்தகம் பிடிக்கும், மறுநாள் பிள்ளையைத் தாலாட்டும். கருவிக்குப் பெருமையாவது மனிதருக்குச் சிறையாகின்றது. கத்திக்குப் பிறப்பால் ஒரு தொழில் உண்டு, மனிதருக்கு இல்லை. இந்த வேறுபாட்டை மறைப்பதே அடிமை முறையின் தத்துவம். சாதி முறையின் தத்துவமும் அதுவே.

யாழ்ப்பாணச் சமூகம் இதனை எழுத்தில் வாதித்துக் கொண்டிருக்கவில்லை. வாழ்க்கையில் நடத்திக் காட்டியது. பாளைக்கத்தியைப் போலவே அதைப் பிடித்தவரையும் அந்த ஒரு தொழிலுக்கென்றே பிறந்தவராகக் கருதியது. அவர் இறக்கிய கள்ளைக் குடித்தவர்கள் அவரைத் தங்கள் கிணற்றில் நீர் அள்ள விடவில்லை; கோயிலுக்குள்ளும் தேநீர்க் கடைக்குள்ளும் சமமாக அனுமதிக்கவில்லை. ‘கத்தி நல்ல கத்தி’ என்று கனிவோடு சொன்ன வாய், அதைப் பிடித்த முதியவரை ‘அவன்’ என்றது. இரும்புக்குக் கொடுத்த மரியாதையை எலும்புக்கும் தசைக்கும் கொடுக்கவில்லை. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பின்னும் நிலைமை எளிதில் மாறவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட வேண்டியிருந்தது. தடியடியைத் தாங்கிக் கொண்டு மக்கள் கேட்டது சலுகையையன்று. தாங்கள் கருவிகள் அல்லர் என்ற எளிய உண்மையை ஊர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதையே.

அந்த உண்மைக்கு நமது இலக்கிய உலகிலேயே சான்று இருக்கின்றது. டொமினிக் ஜீவா சலூன் தொழிலாளி. சவரக்கத்தி பிடித்த அதே கை எழுதிய ‘தண்ணீரும் கண்ணீரும்’ சிறுகதைத் தொகுதி 1960இல் இலங்கைச் சாகித்தியப் பரிசைப் பெற்றது. 1966இல் அவர் தொடங்கிய ‘மல்லிகை’யின் ஆரம்ப காலப் பணிகள் அந்தச் சலூனிலிருந்தே நடந்தன. அவர் தம் தொழிலை மறைக்கவுமில்லை, அதற்குள் அடங்கிவிடவுமில்லை. அரிஸ்டாட்டிலுக்கு இதைவிட நல்ல மறுமொழி எந்த நூலில் உண்டு?

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். ‘பிறப்புவழித் தொழில் ஒழிந்தால் இந்த நுண்ணறிவும் ஒழிந்துவிடாதா? தந்தையிடம் மகன் சிறுவயதிலேயே கற்றதனால் அன்றோ கொல்லரின் கண் நிறத்தை அறிந்தது?’ இது அற்பமான தடையன்று. யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தில் தோன்றிய ஆனந்தக் குமாரசுவாமி போன்ற பேரறிஞரே இவ்வழியில் சிந்தித்தவர். இந்நாட்டின் கைவினைகளை 1908இல் வெளியான தமது பெருநூலில் அன்போடு பதிவு செய்த அவர், அடுத்த ஆண்டு இந்தியக் கைவினைஞரைப் பற்றி எழுதிய நூலில் பரம்பரைத் தொழிலையும் சாதிக் கட்டமைப்பையும் கலையின் காவலாகக் கண்டார். ஆலை உற்பத்தி மனிதரை எவ்வாறு சிதைக்கின்றது என்பதை அவர் சரியாகவே உணர்ந்தார். ஆனால் பட்டடையின் அழகைக் கண்ட கண்கள், பட்டடையை விட்டு வெளியேற முடியாதிருந்த இளைஞனைக் காணவில்லை.

அந்த இளைஞனை மறந்த கல்வித் திட்டம் என்னவாகும் என்பதைச் சென்னை மாகாணம் 1953இல் கண்டது. இராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து, மிகுதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றது. மக்கள் அதனைக் குலக்கல்வி என்று அழைத்து எதிர்த்தனர். 1954இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. நமது நாட்டிலும் 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் தொழில்முன்னிலைப் பாடங்களைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது. 1977இல் ஆட்சி மாறியபின் அவை நிலைக்கவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக வைத்ததனால் இத்திட்டம் முன்னையதிலிருந்து வேறுபட்டது. ஆயினும் கைத்தொழில் என்றதும் ‘என் பிள்ளையை மறுபடியும் கீழே தள்ளப் பார்க்கிறார்களா?’ என்று அஞ்சும் பெற்றோரை நாம் குறைகூற முடியாது. நூற்றாண்டுகளின் அனுபவம் அந்த அச்சத்துக்குள் இருக்கின்றது.

அப்படியாயின் பிறப்பின்றி நுண்ணறிவு வாழுமா? வாழும் என்பதற்கு அமெரிக்காவில் தனித்தனிப் பட்டடைகளில் மடக்காத கத்திகளைச் செய்யும் சிறு கைவினைஞர் சான்று பகர்கின்றனர். அவர்களுள் முன்னோடியான போ ரண்டால் புளோரிடா மாநிலத்தில் தோடம்பழத் தோட்டம் வைத்திருந்தவர். 1937இல் வேறொருவர் செய்த கத்தியின் உறுதியைக் கண்டு வியந்து தாமும் செய்யத் தொடங்கினார். மேரிலாந்தில் பண்ணைக் குடும்பத்தில் வளர்ந்த பில் மோரன், 1973இல் பல்வேறு உருக்குகளை மடித்தடித்த டமஸ்கஸ் வகை அலகுகளைக் காட்சிக்கு வைத்து, உலைத் தொழிலுக்கே புத்துயிர் அளித்தார். அவரது முன்முயற்சியால் 1976இல் அமெரிக்கக் கத்திக்கொல்லர் சங்கம் தோன்றியது. அச்சங்கத்தின் தேர்வு கவனிக்கத்தக்கது. தேர்வுக்கு வருபவர் தாம் அடித்த அலகால், கட்டின்றித் தொங்கும் ஓர் அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் வெட்ட வேண்டும். தடித்த மரச்சட்டத்தை இருமுறை வெட்டித் துண்டாக்க வேண்டும். அதன் பின்னும் அதே கூர் கையின் மயிரை மழிக்க வேண்டும். இறுதியில் அலகை இடுக்கியில் பூட்டி 90 பாகைக்கு வளைத்தாலும் அது முறியலாகாது. தந்தை யார் என்று அங்கே கேட்பதில்லை. கேட்கப்படுவது இரும்பு, விடை சொல்வதும் இரும்பே.

ஆயினும் அந்நாட்டு நிலையை அப்படியே நாம் பாராட்டிவிட முடியாது. அங்கே மிகச் சிறந்த கத்திகள் பல, அவற்றை வாங்கும் செல்வந்தரின் கண்ணாடிப் பேழைக்குள் ஒரு கயிற்றைக்கூட வெட்டாமல் கிடக்கின்றன. இங்கே உழைப்பு இருந்தது, மதிப்பில்லை. அங்கே மதிப்பு இருக்கின்றது, உழைப்பில்லை. புறநானூற்றின் 95ஆம் பாடல் இந்த இரண்டாவது நிலையை எள்ளி நகையாடியது. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைக் கண்ட ஔவையார், அங்குள்ள ஆயுதங்கள் மாலை சூடி, நெய் பூசப்பட்டு, காவலில் பளபளப்பதாகப் புகழ்வது போலப் பேசுகின்றார். அதியமானுடையவையோ நுனி முறிந்து எந்நாளும் கொல்லரின் சிறு குடிலில் கிடக்கின்றனவாம். போரின் பெருமை நமக்கு வேண்டுவதில்லை. மனிதரையே ஆயுதமாக்கும் கொடுமையை இக்குடாநாடு வேண்டிய அளவு கண்டுவிட்டது. ஆனால் பொருளின் மதிப்பு பயன்பாட்டில் உள்ளது, பயன்பட்ட பொருள் கொல்லரிடமே திரும்பிச் செல்கின்றது என்ற உண்மை அந்தப் பாடலுக்குள் இருக்கின்றது.

நாம் வேண்டுவது என்ன? இன்று சந்தையில் ஆலையில் வார்த்த மலிவான கத்திகள் குவிந்து கிடக்கின்றன. பனையேறும் தொழிலைப் பல இளைஞர் விட்டுச் செல்கின்றனர். அவர்கள் செல்வதற்காக நாம் வருந்துவோமாயின் அது நேர்மையான வருத்தம் ஆகாது. விட்டுச் செல்லும் உரிமைக்காகத்தான் அவர்களின் பாட்டனார் அடிவாங்கினார்கள். வருந்த வேண்டியது வேறொன்றிற்காக. அந்த அறிவை ஊர் முழுவதும் தன்னுடையதாக ஏற்றுக் கொண்டிருந்தால், அது ஒரு சாதியின் தோளில் மட்டும் நின்று, அத்தோள் விலகியதும் விழும் நிலைக்கு வந்திருக்காது. அறிவை இழிவோடு சேர்த்துக் கட்டி வைத்தவர்களே அதன் அழிவுக்கும் பொறுப்பாளர்.

ஆசிரியர்களாகிய நமக்கு இதில் ஒரு பணி உண்டு. உருக்கின் பதத்தை இரசாயனப் பாடத்திலும், பாளையின் சுரப்பைத் தாவரவியலிலும், பாளைக்கத்தியின் நிறையைப் பௌதிகத்திலும் கற்பிக்கலாம். கொல்லரையும் சீவல் தொழிலாளியையும் வகுப்பறைக்கு அழைத்து, ‘ஐயா’ என்று விளித்து, மாணவர் முன்னிலையில் பேசச் செய்யலாம். கொல்லரின் மகள் வைத்தியராகலாம். வைத்தியரின் மகன் உலைமுன் நிற்கலாம். இரண்டும் ஒருங்கே ஊருக்கு இயல்பாகும் வரை, நல்ல கத்தியைக் கண்டு நாம் கொள்ளும் மகிழ்ச்சி அரைகுறையானதே. கத்தியை நயந்து பாருங்கள். அதன் பிடி தேய்ந்திருக்கும் இடத்தையும் பாருங்கள். அந்தத் தேய்மானம் ஒரு கையின் அடையாளம். அந்தக் கைக்கு உரியவருக்கு நாம் இருக்கை தந்தோமா என்பதே நமது இரசனைக்கு வைக்கப்படும் தேர்வு.