தவறான பில்லும் தர்மமும்



கொலை, களவு, கள்ளுண்ணல், பொய், குருநிந்தை எனப் பஞ்சமா பாதகங்களை நாம் சிறு வயதிலேயே பாடமாக்கிவிட்டோம். இன்று எமது பிள்ளைகளும் கோயில் சமய வகுப்பில் அவற்றை ஒப்புவிக்கிறார்கள். எம்மில் எவரும் பிறர் வீட்டுக் கதவை உடைக்கப் போவதில்லை. அதனால் களவு என்ற பாதகம் எமக்குத் தூரமானது என்று எண்ணி இருந்துவிடுகிறோம். ஆனால் நேர்மை சோதிக்கப்படும் இடங்கள் பெரும்பாலும் மிகச் சிறியவை. அவற்றுள் ஒன்று சாப்பாட்டுக் கடையின் மேசை.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து ஒரு குடும்பம் இலண்டனில் உள்ள ஒரு சைவ உணவகத்துக்குப் போகிறது. தோசை, வடை, நான்கு மாம்பழ லசி எல்லாம் வருகின்றன. உண்மையான கணக்கு 68 பவுண். பில்லில் 52 பவுண் என்றிருக்கிறது. நான்கு லசியையும் பதிய மறந்துவிட்டார்கள். தந்தையார் அதைக் கண்டுவிடுகிறார். இப்போது அவர் என்ன செய்யவேண்டும்?

"பிழை விட்டது அவர்கள், நாமா?" என்பது பொதுவாக வரும் முதலாவது சமாதானம். இதைச் சோதிக்க இலகுவான வழி ஒன்று உண்டு. அதே பில்லில், குடிக்காத நான்கு லசிக்கு 16 பவுண் கூடுதலாகப் போட்டிருந்தால் நாம் வாய்மூடி இருப்போமா? உடனே கையை உயர்த்திப் பணியாளரை அழைப்போம். பிழை விட்டவரே அதன் நட்டத்தைத் தாங்கவேண்டும் என்பது உண்மையில் எமது கொள்கையானால், அப்போதும் பேசாமல் காசைக் கட்டவேண்டும். எமக்கு நட்டம் வரும்போது ஒரு நியாயமும் இலாபம் வரும்போது வேறொரு நியாயமும் சொன்னால், அது கொள்கையாகாது, வெறும் வசதியே.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் அறிந்திருத்தல் நன்று. விலைப்பட்டியலைப் பார்த்து உணவைக் கேட்டு, அதை உண்ட உடனேயே அந்த விலை எமது கடனாகிவிடுகிறது. பில் என்பது அந்தக் கடனை எழுதிக் காட்டும் தாள் மட்டுமே. தாளில் பிழை வந்தால் கடன் குறைந்துவிடாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படிப்பட்ட கடனைக் கேட்டு வழக்குத் தொடர ஆறு ஆண்டுகள் வரை இடமுண்டு.

மிகுதிக் காசு கூடுதலாகத் தரப்பட்டால் விடயம் இன்னும் கடுமையானது. 20 பவுண் தாளைக் கொடுத்தவருக்கு, அதை 50 பவுண் என்று நினைத்து மிகுதி தந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். 1968 ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தின் 5 ஆம் பிரிவின்படி, பிறர் தவறினால் எம் கைக்கு வந்து, நாம் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்ட பொருள், இன்னமும் அவருடையதாகவே கருதப்படும். அதை அறிந்தும் நேர்மையற்ற எண்ணத்துடன் வைத்துக்கொள்வது திருட்டாகலாம். 1980களில் ஒரு பெண் பொலிஸ் உத்தியோகத்தரின் வங்கிக் கணக்கில் அவர் செய்யாத வேலைக்கு 74 பவுண் 74 பென்ஸ் தவறுதலாக வைக்கப்பட்டது. அதைத் தெரிந்துகொண்டே வைத்திருப்பது திருட்டாகலாம் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. அதே நீதிமன்றம், இத்தகைய விடயங்களைக் குற்றவியல் சட்டத்தை நாடாமலே பலவேளைகளில் தீர்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது. 16 பவுணுக்காக எவரும் பொலிஸை அழைக்கப்போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் பிடிபடமாட்டோம் என்பது வேறு, சரியாக நடந்தோம் என்பது வேறு.

"பெரிய முதலாளிக்கு இது ஒரு காசா?" என்பது இரண்டாவது சமாதானம். அந்த நட்டம் முதலாளியிடம்தான் போய்ச் சேரும் என்பதற்கு என்ன உறுதி? 1996 ஆம் ஆண்டுத் தொழில் உரிமைகள் சட்டம், கடையிலும் உணவகத்திலும் வேலை செய்வோரின் சம்பளத்திலிருந்து காசுக் குறைவுக்காகப் பணம் வெட்டுவதற்கு வரம்பு வைத்திருக்கிறது. ஒரு சம்பள நாளில் மொத்தச் சம்பளத்தின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட முடியாது. அப்படியாயின், தொழில் ஒப்பந்தம் இடம் கொடுத்தால், அந்த அளவு வரை வெட்டலாம் என்பதுதானே பொருள்? வாரம் 400 பவுண் உழைக்கும் ஒரு மாணவனிடமிருந்து 40 பவுண் வரை போகலாம். எமது லசியின் 16 பவுண் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். பில்லைப் பதிந்த அந்தப் பிள்ளை, நேற்று விசாவில் வந்து இரவு பகலாக நின்று வேலை செய்யும் எமது ஊர்ப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

"அந்தக் காசை நான் ரிப்ஸாகக் கொடுத்துவிட்டேன்", "அதைக் கோயில் உண்டியலில் போட்டுவிட்டேன்" என்று சொல்வோரும் உண்டு. இவை நல்ல மனத்திலிருந்து வரும் சமாதானங்கள். ஆயினும் தானம் என்பது தன் பொருளைக் கொடுப்பது. கடைக்காரருடைய காசை எடுத்துப் பணியாளருக்குக் கொடுப்பதற்கோ அம்பாளுக்குக் கொடுப்பதற்கோ எமக்கு உரிமையில்லை. முதலில் கடனைத் தீர்த்துவிட்டு, பின்னர் எமது பையிலிருந்து கொடுப்பதே தானம்.

திருவள்ளுவர் கள்ளாமை என்று ஓர் அதிகாரமே வகுத்தார். பிறர் பொருளை எடுக்கும் கையை மட்டுமன்றி, எடுக்கலாம் என்று எண்ணும் மனத்தையும் அவர் அங்கே குற்றம் சொல்கிறார். பில்லைக் கண்டும் காணாததுபோல் மடித்து வைப்பவரின் கை எதையும் எடுக்கவில்லை. எடுத்தது மனம்.

இதற்காக ஒவ்வொரு பில்லையும் கணக்காய்வாளர் போல் ஆராயவேண்டும் என்பதில்லை. தெரியாமல் குறைத்துக் கட்டியவர் குற்றவாளி அல்லர். பிழையைக் கண்டபின் என்ன செய்கிறோம் என்பதே கேள்வி. வீட்டுக்கு வந்தபின் தெரிந்தால் ஒரு தொலைபேசி அழைப்புப் போதும், அல்லது அடுத்த முறை போகும்போது சொல்லிக் கொடுத்துவிடலாம். "பரவாயில்லை, விடுங்கள்" என்று உரிமையாளர் சொன்னால் அது அவர் தந்த அன்பளிப்பு, மகிழ்ச்சியோடு ஏற்கலாம். அவர் அறிந்து விட்டுக்கொடுப்பதும் அறியாமல் இழப்பதும் ஒன்றல்ல.

அதேபோல, பில் கூடுதலாக வந்தால் கேட்பதில் வெட்கம் வேண்டாம். பில்லோடு சேர்த்துப் போடப்படும் சேவைக் கட்டணம் விருப்பத்துக்குரியது என்று குறிக்கப்பட்டிருந்தால் அதை நீக்கும்படி கேட்கவும் உரிமையுண்டு. கொடுத்தால், 2024 ஒக்ரோபர் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி அது பணியாளர்களுக்கே போய்ச் சேரவேண்டும். நடுவுநிலைமை என்பது தராசின் இரு தட்டையும் பார்ப்பது. எமக்குரியதைக் கேட்பதும் பிறருக்குரியதைக் கொடுப்பதும் ஒரே அறத்தின் இரு பக்கங்கள்.

இறுதியாக ஒன்று. மேசையைச் சுற்றிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். தமிழை விட ஆங்கிலத்தில் விரைவாகக் கணக்குப் பார்க்கும் பிள்ளைகள். தந்தையார் பில்லை இரண்டாம் முறை பார்ப்பதையும் தாயார் கண்ணால் சைகை செய்வதையும் அவர்கள் கவனிக்கிறார்கள். அந்த வேளையில் "தம்பி, நாலு லசி விட்டுப்போச்சு, சேர்த்துப் போடுங்கோ" என்று ஒரு வார்த்தை சொன்னால், ஒரு வருடச் சமய வகுப்பின் பலன் அதில் உண்டு. பேசாமல் எழுந்து வந்தால், அந்த வகுப்பில் கற்ற களவு என்ற சொல்லின் பொருளை நாமே அழித்துவிடுகிறோம். 16 பவுணுக்கு அது மிகவும் கூடிய விலை.

அடுத்த முறை மேசைக்குப் பில் வரும்போது இதை நினைவிற் கொள்வோமாக.